வடசென்னையில் ஆலோசனைத் தொழில் செய்பவர் எந்தச் சான்றிதழ் தேர்வுக்கு, எப்படித் தயாராவது?

தண்டையார்பேட்டை நெட்வொர்க் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணினி, நெட்வொர்க் வேலைகளைச் செய்து தருகிறேன். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் உள்ள சுங்க முகவர் அலுவலகங்கள், காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் இரண்டு நிறுவனங்கள், மணலியில் உதிரிபாகம் செய்யும் மூன்று பட்டறைகள் என்று மொத்தம் 19 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள்.

சென்ற மாதம், ஆறு ஆண்டுகளாக நான் பார்த்துவந்த ஒரு சரக்கு நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சான்றிதழ் பெற்ற பணியாளர் எத்தனை பேர், என்ன சான்றிதழ், எந்த நாள் வரை செல்லுபடியாகும் என்று அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றையும் வெறுமையாக விட்டு அனுப்பினேன். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த அலுவலகத்தில் எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். அதை எழுதிக் காட்ட அந்தப் படிவத்தில் இடமில்லை.

எனவே தேர்வு எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எதை எழுதுவது? சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ என்கிறார் ஒருவர், அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ் என்கிறார் இன்னொருவர், கணினிப் பாதுகாப்புத் துறைக்குத்தான் எதிர்காலம் என்கிறார் மூன்றாமவர். எனக்கு வயது 41. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். இதே நிலையிலிருந்து தேறியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் கிளவுட்

அண்ணா, நான் ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக ஆலோசனைத் தொழில் செய்கிறேன். இதுவரை நான்கு சான்றிதழ்கள் பெற்றிருக்கிறேன், அவற்றுள் ஒன்று எனக்கு ஒரு வேலையைக்கூடக் கொண்டுவரவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தச் சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு என்பது வேலை தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி. தொழில் நடத்துபவர் தம் பில் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். கடந்த இரண்டு ஆண்டு பில்களையும் அழைப்புக் குறிப்புகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரும் எதற்காகக் கூப்பிட்டார், எதற்கு முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார், எந்த வேலையை உங்களால் முடியாதென்று வேறொருவரிடம் அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது பட்டியலில்தான் நீங்கள் எழுத வேண்டிய தேர்வு இருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்டவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.சி.என்.ஏ (200-301) 120 நிமிடத் தேர்வு; கட்டணம் 300 டாலர், வரி தனி; மூன்று ஆண்டு செல்லும். சிஸ்கோ வழங்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம் என்பதால் பயிற்சிக்குச் செலவில்லை. ஆனால் பதினான்கு ஆண்டு கேபிள் இழுத்து ஸ்விட்ச் அமைத்தவருக்கு அதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் நிர்வாகத் தேர்வான ஏ.இசட்-104, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தினால் பொருந்தும். அது ஓராண்டுதான் செல்லும், ஆனால் காலாவதிக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது நம்மைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு நல்ல ஏற்பாடு.

ஏ.டபிள்யூ.எஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடம், கட்டணம் 150 டாலர். 1000-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. மூன்று ஆண்டு செல்லும். அந்த 65-இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, எவை அவை என்றும் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் விடாமல் எழுதிவிட வேண்டும். தேறியவருக்கு அடுத்த தேர்வுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். நோட்டில் எழுதி முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அண்ணா. அதற்கு முன் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை நெட்வொர்க்

சகோதரி, நீங்கள் சொன்னபடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு ஆண்டுகளில் 212 அழைப்புகள். பிரின்டர், வைஃபை, டாலி மென்பொருள் திறக்கவில்லை என்பவை பெரும்பாலானவை. அவற்றுக்குச் சர்வீஸ் சார்ஜ் கேட்டாலே பேரம்தான். பேரம் பேசாமல் கொடுத்த பில்கள் 23. அவற்றுள் 17, அழிந்துபோன கணக்கை மீட்டுத் தந்ததற்காக. நான் முடியாதென்று திருப்பியனுப்பிய 9 வேலைகளில் 6, அலுவலக சர்வரைக் கிளவுடுக்கு மாற்றித் தரக் கேட்டவை.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளம் பேசின் பாலத்தை ஒட்டிய ஒரு வாடிக்கையாளரின் தரைத்தள அலுவலகத்தில் இடுப்பளவு நின்றது. சர்வர் இருந்த அலமாரியிலேயே பேக்கப் டிஸ்க்கும் இருந்தது. இரண்டையும் அங்கே வைத்தவன் நான். பதினோரு ஆண்டுக் கணக்கில் நான்கு ஆண்டு திரும்பவே இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார். நான் எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்பதற்கு அந்த அலமாரியே போதும். ஏ.டபிள்யூ.எஸ் என்று முடிவு செய்கிறேன்.

திருவொற்றியூர் தணிக்கை

தம்பி, உங்கள் முடிவில் தவறில்லை, ஆனாலும் ஓர் எச்சரிக்கை. தகவல் தொழில்நுட்பத் தணிக்கையில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். அப்படிப்பட்ட படிவங்களை நானே தயாரித்து அனுப்பியிருக்கிறேன். அந்த மூன்று கட்டங்கள் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. அவற்றை நிரப்பினால் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். அதன்பின் உங்களிடம் கேட்கப்போவது காகிதங்கள்: பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது, கடைசியாக எந்த நாளில் மீட்டுப் பார்த்தீர்கள், யாருக்கு எந்த அனுமதி இருக்கிறது, வேலையை விட்டுப்போனவரின் கடவுச்சொல் எப்போது நீக்கப்பட்டது. சான்றிதழ் வாங்கியும் இந்தக் காகிதங்கள் இல்லாமல் வேலையை இழந்த ஆலோசகர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தையும் படியுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுகளின்படி, ஊடுருவல் போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிக்கை போக வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவுக்குத் தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. உங்கள் சுங்க முகவர்களிடம் இறக்குமதியாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் குவிந்து கிடக்கின்றன. இதையெல்லாம் அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை.

பிற்காலத்தில் தகவல் தொழில்நுட்பத் தணிக்கைக்கான சிசா சான்றிதழை நினைத்துப் பாருங்கள். 150 கேள்விகள், நான்கு மணி நேரம். ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள். ஆனால் தேர்வை முதலில் எழுதித் தேறிவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்குள் அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

இராயபுரம் வாசகர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் 2,000 ரூபாய்க்குக் கேள்வித் தொகுப்பு தருகிறார்கள். என் நண்பர்கள் இருவர் அதை மனப்பாடம் செய்தே தேறிவிட்டார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது உதவாதா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பெரம்பூர் கிளவுட்

தம்பி, உண்மையாகக் கேட்டதால் உண்மையாகவே சொல்கிறேன். அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். தேர்வைத் தொடங்கும் முன் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அதை மீறிக் கசிந்தவைதான் அந்தத் தொகுப்புகள். கண்டுபிடித்தால் பெற்ற சான்றிதழைத் திரும்பப் பெறவும், இனி எழுதவிடாமல் தடுக்கவும் நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தொகுப்புகளில் விடைகளும் ஏராளமாகத் தவறாக இருக்கும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் செல்பவருக்குப் பக்கத்து நாற்காலியில் கேட்க ஆள் உண்டு. ஆலோசகர் தனியாகப் போய் உட்காருகிறார். வாடிக்கையாளர் எதிரே அமர்ந்து, 'சர்வரில் தினமும் எடுத்த பேக்கப்பும் அழிந்துவிட்டதே, எப்படி?' என்று கேட்கும் நேரத்தில் மனப்பாடம் செய்த அ, ஆ, இ, ஈ எதுவும் உதவாது. ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவில் பெயர் கெட்டால் அடுத்த தெருவுக்கு அது மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். நேரமில்லையென்றால் தேர்வு நாளைத் தள்ளிப்போடுங்கள். மாதிரித் தேர்வுகள் வேறு. அவற்றைத் தாராளமாக எழுதலாம்.

வியாசர்பாடி

தேர்வு நாள் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதில்தான் அடி விழுந்தது.

முதலில் பெயர். தேர்வுக் கணக்கில் உள்ள பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல். என் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் முழுமையாக இருக்கிறது. நான் கணக்கில் இனிஷியலை மட்டும் போட்டிருந்தேன். தேர்வு மையத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணமும் போனது. கணக்கைத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள்.

இரண்டாவது, வீட்டிலிருந்து எழுதுவது. மேசையில் எதுவும் இருக்கக் கூடாது, அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. மேற்பார்வையாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார், தவறு நடந்ததாக நினைத்தால் தேர்வை நிறுத்திவிடுவார். எங்கள் வீடு ஒரே அறை, ஆறு பேர். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்தே பாடும். மின்சாரம் எப்போது போகும் என்பதும் கையில் இல்லை. எனவே எங்களைப் போன்றவர்கள் மையத்துக்கே போய் எழுதுவதுதான் நல்லது.

மூன்றாவது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஏ.டபிள்யூ.எஸ் தேர்வில் கூடுதலாக 30 நிமிடம் தருகிறார்கள். தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கணக்கில் அதைக் கோரிப் பெற்றுவிட வேண்டும். நாள் குறித்த பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குச் செல்லாது. தமிழ்வழியில் படித்த நமக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

படிக்க இடமில்லாதவர்களுக்கு ஒரு தகவல்: கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் உட்கார்ந்து வேலை செய்யவும் இடம் இருக்கிறது. நான் தேறியது அங்கே உட்கார்ந்து படித்துத்தான்.

தண்டையார்பேட்டை நெட்வொர்க் (ஐந்து மாதங்களுக்குப் பின்)

அனைவருக்கும் வணக்கம். முதல் முறை 698 எடுத்துத் தவறிவிட்டேன். 14 நாள் கழித்துத்தான் மீண்டும் எழுதலாம் என்பது விதி. இருபது நாள் கழித்து எழுதி 761 எடுத்துத் தேறினேன். எப்படிப் படித்தேன் என்பதை அடுத்து வருபவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

தேர்வின் பாடத்திட்டம் நான்கு பகுதிகள் கொண்டது. பாதுகாப்பான வடிவமைப்புக்கு 30 சதவீதம், தடைகளைத் தாங்கி நிற்கும் வடிவமைப்புக்கு 26, செயல்வேகத்துக்கு 24, செலவுச் சிக்கனத்துக்கு 20. நான் என் நேரத்தையும் அதே விகிதத்தில் பிரித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், நெட்வொர்க் எனக்குப் பிடித்த பகுதி என்பதால் அதிலேயே ஐந்து வாரம் செலவழித்துவிட்டு, யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் பகுதியை ஒரே வாரத்தில் ஓட்டிப் பார்த்தேன். தவறியபோது வந்த அறிக்கையில் பாதுகாப்புப் பகுதிதான் போதாது என்று இருந்தது. திருவொற்றியூர் ஐயா எழுதியதை மறுபடியும் படித்தேன். வேலையை விட்டுப்போனவரின் கடவுச்சொல் என்று அவர் சொன்னதே அந்தப் பாடம்தான்.

படிக்கும் முறையில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: ஒவ்வொரு பாடம் முடிந்ததும் என் வாடிக்கையாளர்களில் ஒருவரை மனத்தில் வைத்து, அவருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுவேன். நெட்வொர்க்கின் உட்பிரிவான சப்நெட் என்ற சொல்லைப் புத்தகத்தில் நான்கு முறை படித்தும் பிடிபடவில்லை. சௌகார்பேட்டை கடை ஒன்றை நினைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நுழையும் முன்கட்டு பொது சப்நெட், சரக்கு வைக்கும் பின்கட்டுக் கிடங்கு தனி சப்நெட், கிடங்குக்குத் தெருவிலிருந்து நேராக வாசல் கிடையாது, கடைப்பையன் வழியாகத்தான் போக முடியும் என்று எழுதிய பிறகு அது மறக்கவே இல்லை. அதேபோல, எத்தனை நேரத் தரவை இழக்கலாம், எத்தனை நேரத்துக்குள் மீள வேண்டும் என்ற இரண்டு அளவுகளைப் புத்தகம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் சொல்கிறது. நான் அவற்றைக் கேள்விகளாக எழுதினேன்: 'எத்தனை மணி நேரக் கணக்கு போனால் உங்களால் திரும்பத் தட்டச்சு செய்துகொள்ள முடியும்? எத்தனை மணி நேரம் பில் போடாமல் இருந்தால் தாங்குவீர்கள்?' காசிமேட்டு ஏற்றுமதியாளர் முதல் கேள்விக்கு ஒரு நாள் என்றார், இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம் என்றார். கப்பல் காத்திருக்காதல்லவா. பதினான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

இப்படி 31 கடிதங்கள் சேர்ந்தன. தேர்வுக்கு முன்பே அவற்றுள் ஆறு கடிதங்களை அந்தந்த வாடிக்கையாளரிடம் நேரில் கொடுத்தேன். மூவர் வேலை கொடுத்தார்கள். அவர்கள் சான்றிதழ் பற்றிக் கேட்கவே இல்லை.

செய்முறைப் பயிற்சியில் கவனமாக இருங்கள். 2025 ஜூலை நடுவிலிருந்து ஏ.டபிள்யூ.எஸ்-இல் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்குத் தொடக்கத்தில் 100 டாலரும், சில பணிகளை முடித்தால் மேலும் 100 டாலர் வரையும் அங்கேயே செலவழிக்கும் வரவாகக் கிடைக்கிறது. பயிற்சிக்கு அது போதும், ஆனால் தனி சப்நெட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியான நாட் கேட்வே என்பதைத் திறந்துவிட்டு அணைக்க மறந்தால் மணிக்கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐ.பி.வி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்குக் கட்டணம் உண்டு. எனவே கணக்கைத் தொடங்கிய அன்றே செலவு எச்சரிக்கை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட வேண்டும்.

வியாசர்பாடி நண்பருக்குத் தனியாக நன்றி. பெயரை மாற்றியதும் கூடுதல் 30 நிமிடம் வாங்கியதும் அவரால்தான். 160 நிமிடத்தில் கடைசி ஒன்பது நிமிடம் வரை எழுதினேன். 130 நிமிடமாக இருந்திருந்தால் இரண்டாம் முறையும் தவறியிருப்பேன்.

இராயபுரம் வாசகர்

வாழ்த்துகள் அண்ணா. நான் அந்தத் தொகுப்பை வாங்கவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: வெள்ளத்தில் கணக்கை இழந்த அந்த வாடிக்கையாளருக்கு இப்போது என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

திருவொற்றியூர் தணிக்கை

தம்பி, மிக்க மகிழ்ச்சி. அந்தச் சரக்கு நிறுவனத்தின் படிவம் என்னவாயிற்று என்றும் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை நெட்வொர்க்

ஐயா, படிவத்தை நிரப்பி மறுபடியும் அனுப்பினேன். ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில்தான் முடிகிறது, அப்போது விலைப்புள்ளி தாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. நீங்கள் சொன்ன காகிதங்களை அதற்குள் தயார் செய்துவிடுவேன். அடுத்து சிசாவா, அல்லது பையன்களில் ஒருவனைச் சி.சி.என்.ஏ எழுதவைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பில் நோட்டை இந்த ஆண்டுக்கும் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இராயபுரம் தம்பிக்கு: அவருடைய கணக்கு இப்போது மூன்று பிரதிகளாக இருக்கிறது. ஒன்று முதல் மாடிக்கு ஏற்றிய சர்வரில், ஒன்று அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் டிஸ்க்கில், ஒன்று ஏ.டபிள்யூ.எஸ்-இன் மும்பை மையத்தில். மும்பையில் இருப்பதை 90 நாளுக்கு யாராலும், என்னாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு பழைய கணினியில் அதை மீட்டு, அவர் சொல்லும் ஏதாவது ஒரு பில்லைத் திறந்து காட்டி, நோட்டில் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன். சென்ற முறை அவர் 2024 மே மாதப் பில் ஒன்றைக் கேட்டார். திறந்தது.